அன்புடைய படைத்தலைவர்

களக்காட்டில் நின்று மேற்கே நோக்குவோர், வானளாவ உயர்ந்து நிற்கும் மலைத்தொடரைக் காண்பர். அத்தொடர் வடக்கே நெடுந்தூரம் சென்று, பாலக்காட்டுக் கணவாயில் சிறிது இடைவிட்டு, மீண்டும் நீலகிரியாக ஓங்கி நிற்கின்றது. அந்நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த எழில்மிகு ஊர் குன்னூர். அதனை அடுத்துள்ளது வெலிங்டன். மெட்ராஸ் ரெஜிமெண்டு என்னும் பழம்பெரும் படைப்பிரிவின் பயிற்சி நிலையம் அங்கேதான் உள்ளது. படைவீரர் நடமாட்டம் மிகுந்த அம்மலைப் பகுதியைத் தம் முதுமைக்கு உரிய இடமாகத் தேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த பெருவீரர் ஒருவர் உண்டு. அவரே பீல்டு மார்ஷல் சாம் மானெக்ஷா.

மானெக்ஷா 1914ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் அமிர்தசரஸ் நகரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். அவர் தந்தையார் ஒரு மருத்துவர். மகனும் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயில விரும்பினான். 'நீ இன்னும் சிறியவன். தனியே அயல்நாட்டிற்கு அனுப்புதல் இயலாது' என்று தந்தையார் மறுத்துவிட்டார். அதனால் சினங்கொண்ட இளைஞர், படைக்கல்லூரிக்கான தேர்வை எழுதி வெற்றி பெற்றார். 1932இல் டேராடூனில் தொடங்கிய இந்தியப் படைக்கல்லூரியின் முதல் மாணவர் நாற்பதின்மருள் அவரும் ஒருவரானார். தந்தையின் மறுப்பு மகனுக்கு வருத்தம் தந்தது. நாட்டிற்கோ நலம் தந்தது.

1939ஆம் ஆண்டில் அவர் சில்லு என்னும் நங்கையை மணந்தார். ஓவியக் கலை பயின்ற அவ்வம்மையார், படைவீரன் மனைவிக்கு வேண்டிய பொறுமையும் துணிவும் உடையவர். மணமாகி மூன்றாண்டு நிறையுமுன்னரே அத்துணிவிற்குச் சோதனை வந்தது. 1942ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில், பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே ஜப்பானியருடன் கடும்போர் நிகழ்ந்தது. தம் வீரர்களை முன்னின்று நடத்திய மானெக்ஷாவின் உடலில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பல பாய்ந்தன. அவர் பிழையார் என்றே யாவரும் எண்ணினர். கோவன் என்னும் படை அதிகாரி, தம் மார்பில் இருந்த வீரப்பதக்க நாடாவைக் கழற்றி, வீழ்ந்து கிடந்தவர் மார்பில் அணிவித்தார். ஆயினும் ஷேர் சிங் என்னும் சிப்பாய் தம் தலைவரைக் கைவிட்டிலர். அவரைச் சுமந்து சென்று மருத்துவரிடம் சேர்ப்பித்தார். மனைவியும் குழந்தையும் காத்திருந்த இல்லத்திற்கு மானெக்ஷா உயிருடன் மீண்டார் எனின், அஃது ஓர் எளிய சிப்பாயின் அன்பினால் அன்றோ?

சிப்பாயால் உயிர் பெற்றவர், சிப்பாய்களின் உயிரைத் தம் உயிரெனப் போற்றினார். கூர்க்கா வீரர்கள் அவரைச் 'சாம் பகதூர்' என்று உரிமையோடு அழைத்தனர். படிப்படியாக உயர்ந்து, 1969இல் அவர் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார்.

1971ஆம் ஆண்டில் பெரும் சோதனை ஒன்று வந்தது. அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கப் பகுதியில் மக்கள் கொடுமைக்கு ஆளாயினர். இலட்சக்கணக்கானோர் இந்திய எல்லைக்குள் அடைக்கலம் புகுந்தனர். ஏப்பிரல் திங்களில் தலைமை அமைச்சர் இந்திரா காந்தி அமைச்சரவையைக் கூட்டிப் படையெடுப்புப் பற்றி வினவினார். அமைச்சர் பலரும் விரைவையே விரும்பினர். அவ்வவையில் தளபதி அஞ்சாது தம் கருத்தை உரைத்தார். மழைக்காலம் நெருங்கிவிட்டது, வங்கத்து ஆறுகள் கடல்போல் பெருகும், வடக்கே பனி உருகினால் மலைக்கணவாய்கள் திறந்துவிடும், படைகளோ பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன, இப்போது போரிட்டால் தோல்வி உறுதி என்றார். வேண்டுமாயின் தாம் பதவி விலகவும் இசைவதாகக் கூறினார். இந்நிகழ்ச்சியை அவரே பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளார். தலைமை அமைச்சர் அவர் கூற்றிலிருந்த உண்மையை உணர்ந்து, காலத்தை அவரிடமே விட்டார்.

தயங்கியவர் கோழையல்லர் என்பதை உலகம் விரைவிலேயே கண்டது. டிசம்பர் 3ஆம் நாள் மூண்ட போர் 16ஆம் நாள் முடிந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சரணடைந்தனர். வங்காள தேசம் விடுதலை பெற்றது. டாக்காவில் சரண் ஏற்கும் பெருமையைத் தாம் நாடாது, கிழக்குப் படைத்தலைவர் அரோராவுக்கே மானெக்ஷா உரிமையாக்கினார். 1973ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவருக்குப் பீல்டு மார்ஷல் பட்டம் வழங்கப்பட்டது. விடுதலை இந்தியாவில் அவ்வுயர்நிலையை முதலில் எய்தியவர் அவரே.

ஓய்வு பெற்றதும் அவர் நாடியது குன்னூர் இல்லத்தையே. பேரும் புகழும் வாசலில் நிற்க, அவர் மனைவியுடன் தோட்டத்தில் மகிழ்ந்தார். பெண்மக்கள் இருவரும் பேரப்பிள்ளைகளும் வரும் நாட்கள் அவ்வீட்டின் திருநாட்கள் ஆயின. போர்க்காலத்தில் இல்லத்திற்குக் கொடுக்க இயலாத பொழுதையெல்லாம் முதுமையில் அவர் ஈடு செய்தார் எனலாம். அறுபது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த சில்லு அம்மையார் 2001இல் மறைந்தார். 2008ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் வயதில், வெலிங்டன் படை மருத்துவமனையில் மானெக்ஷாவும் உயிர் நீத்தார். உதகமண்டலத்துப் பார்சிக் கல்லறையில், மனைவியின் கல்லறைக்கு அருகிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

ஒவ்வொரு சிப்பாய்க்கும் வழிபார்த்திருக்கும் ஓர் இல்லம் உண்டு. இல்லத்தின் அருமையை அறிந்த தலைவன், பிறர் இல்லங்களை வீணே இருளச் செய்யான். அன்றைய அவையில் மானெக்ஷா 'பொறுங்கள்' என்று கூறிய துணிவு, போர்க்களத்தில் காட்டிய துணிவினும் சிறிதன்று. அன்புள்ள நெஞ்சிலேயே உண்மை வீரம் வேரூன்றும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.