வெள்ளி டொலரில் ஒரு பெண் முகம்

எங்கள் உம்மும்மாவின் அலுமாரியில், மடித்து வைத்த சேலைகளுக்கு அடியில், லேஞ்சியில் முடிந்தபடி ஒரு குற்றிக் காசு இருந்தது. இரத்தினக்கல் வியாபாரம் செய்த அவருடைய வாப்பாவுக்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொடுத்ததாம். 1922 ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளி டொலர் அது. சென்ற வருடம் எங்கள் வகுப்பு நடத்திய பழம்பொருட் கண்காட்சிக்காக அதைக் கேட்டு வாங்கினேன். கறுத்துப் போயிருந்ததால் பற்பொடி போட்டு நன்றாகத் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. கண்காட்சிக்கு வந்திருந்த, நாணயம் சேர்க்கும் பெரியவர் ஒருவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மகள், இதை யார் தேய்த்தது?" என்று மட்டும் கேட்டார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று அறியப் போய்த்தான் இந்தக் காசைப் படிக்கத் தொடங்கினேன்.

இதன் பெயர் 'சமாதான டொலர்'. முதலாம் உலகப் போருக்குப் பின் வந்த சமாதானத்தை நினைவுகூர 1921 இல் தொடங்கி 1928 வரையும், மீண்டும் 1934, 1935 ஆம் ஆண்டுகளிலும் அச்சிடப்பட்டது. 90 வீதம் வெள்ளி, 10 வீதம் செம்பு. நிறை 26.73 கிராம். உள்ளங்கையில் வைத்தால் பாரம் தெரியும்.

தலைப் பக்கத்தில் இருப்பது சுதந்திர தேவி. கதிர் கதிரான கிரீடம், காற்றில் பறக்கும் கூந்தல். வடிவமைத்தவர் அந்தோனி டி பிரான்சிஸி என்ற சிற்பி. போட்டிக்குக் கிடைத்த காலம் சில வாரங்களே என்பதால், தன் இளம் மனைவி தெரேசாவையே முன்னால் இருத்தினார். காற்றில் கூந்தல் அசையட்டும் என்று ஜன்னலையும் திறந்து வைத்தாராம். தெரேசா இத்தாலியிலிருந்து சிறு வயதில் குடியேறியவர். பாடசாலை விழாவில் சுதந்திர தேவி வேடம் போட ஆசைப்பட்டும், வேறொரு பிள்ளையைத் தெரிவு செய்ததால் மனமுடைந்ததை, காசு வெளிவந்த பின் தன் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் நினைவுபடுத்தியிருக்கிறார். மேடையில் இடம் கிடைக்காமல் திரைக்குப் பின்னால் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டுதானே!

மறுபக்கத்தில் பாறைமீது கழுகு, ஒலிவக் கிளை, சூரியக் கதிர்கள், பாறையில் 'சமாதானம்' என்ற சொல். முதல் வடிவத்தில் முறிந்த வாள் ஒன்றும் இருந்தது. செய்தி வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது. முறிந்த வாள் தோல்வியின் அடையாளம் என்றார்கள். அச்சோ தயாராகிவிட்டது. பிலடெல்பியா நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் ஜோர்ஜ் மோர்கன், அப்போது எழுபது வயதைத் தாண்டியவர், அந்த உலோக அச்சிலேயே நுண்கருவிகளால் வாளை மறைத்து ஒலிவக் கிளையை நீட்டிவிட்டார். 1878 இல் வெளிவந்த புகழ்பெற்ற 'மோர்கன் டொலர்' இவரது படைப்புத்தான். இன்னொருவரின் வேலையில் கைவைக்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

1921 இல் புடைப்பு மிக உயரமாக இருந்ததால் அச்சுகள் விரைவில் உடைந்தன. அவ்வாண்டு பத்து இலட்சத்துக்குச் சற்று அதிகமான காசுகளே வெளிவந்தன. 1922 இல் புடைப்பைத் தாழ்த்தி 8 கோடிக்கும் மேல் அச்சிட்டார்கள். ஆகவே உம்மும்மாவின் காசு அரிதானதல்ல. வாப்பா காட்டிய நகைக்கடையிலும் வெள்ளியின் நிறைக்கு மட்டுமே விலை சொன்னார்கள்.

இனி என் தவறுக்கு வருகிறேன். அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளை விட்டுச் செல்கிறது. தேயாத காசைச் சாய்த்தால் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுழல்வது இந்தக் கோடுகளால்தான். கறுப்பு நிறம் அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளோடு வெள்ளி தாக்கமுற்று உண்டாகும் வெள்ளி சல்பைட்டுப் படலம் அது. இதை இரசாயனவியலில் படித்து, பரீட்சையில் புள்ளியும் வாங்கியிருந்தேன்! பற்பொடி அந்தப் படலத்தோடு கோடுகளையும் சேர்த்து அரித்துவிட்டது. இப்போது கைவில்லையால் பார்த்தால் தெரேசாவின் கன்னத்தில் குறுக்கும் நெடுக்குமாக என் கீறல்கள். அவற்றை இனி எடுக்க முடியாது. பழைய வெள்ளிக் காசு வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து தேய்க்காதீர்கள். விளிம்பில் பிடித்துப் பாருங்கள். மலிவான பிளாஸ்டிக் உறைகளிலும் போடாதீர்கள், அவற்றில் சில காசில் பச்சைப் படிவை உண்டாக்கும்.

உம்மும்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. காசை விரலால் தடவி, "இது இங்கிலாந்து மகாராணி எண்டுதானே இவ்வளவு காலமும் நெனச்சன்" என்றார். பிறகு, "அந்தப் புள்ளய ஸ்கூல்ல எடுக்கல்லயா?" என்று கேட்டார். நான் கொடுத்த கடதாசி உறையில் காசைப் போட்டு, உறையோடு சேர்த்து லேஞ்சியில் முடிந்துகொண்டு எழுந்து போனார்.