முகப்பருவுக்குக் குளிசை

சீழ் வைத்துத் தழும்பு விழுகிற பருவுக்கு டாக்டர் டொக்சிசைக்ளின் எழுதுவதுண்டு. வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கொடுக்கிறார்களே, அதே மருந்துதான். பத்து நாள் குடித்துவிட்டு, "ஒன்னும் கேக்கலையே" என்று நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய 6 முதல் 8 கிழமை செல்லும். டாக்டரைக் கேட்காமல் 3, 4 மாதத்துக்கு மேல் தொடரவும் கூடாது. கிருமிக்கு மருந்து பழகிப்போகும். பூச்சு மருந்தும் சேர்த்துத் தருவது அதற்காகத்தான்.

நிறையத் தண்ணீரோடு குடியுங்கள். குடித்த கையோடு படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகும். இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்த்தால் மருந்து உடம்பில் ஏறாது, சில மணி நேரம் தள்ளிக் குடிக்கவும். கொழுந்தெடுக்கும்போது வெயில் தோலைச் சுடும் (குளிரடித்தாலும்தான்!), முகத்தை மூடிக்கொள்ளுங்கள்.

தங்கச்சி மிச்சம் வைத்ததை முழுகாமல் இருக்கிற அக்கா எடுத்துக் குடிக்கவே கூடாது. வயிற்றுப்பிள்ளையின் பல்லையும் எலும்பையும் அது பாதிக்கலாம்.