கோலும் பந்தும்

பந்தை ஓங்கி அடிப்பதற்குத் தோள்வலி ஒன்றே போதுமென மாணாக்கர் பலர் எண்ணுகின்றனர். யாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அது பிழையென உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாத்தளைப் பகுதியிற் புத்தாண்டு விழாக்களில் எல்லே ஆடக் காண்கின்றோம். மூங்கிற்கோல் ஒன்றும் பந்தொன்றும் இருந்தாற் போதும்; ஏழைப் பிள்ளையும் ஆடலாம். அமெரிக்கரும் யப்பானியரும் போற்றும் பேஸ்போல் இதற்கு நெருங்கிய ஆட்டமாகும். இரண்டிலும் உருண்டைக் கோலாற் பந்தை அடித்து, குறித்த நிலைகளைச் சுற்றி ஓடல் வேண்டும். எனவே பேஸ்போலின் அடிமுறை எல்லே ஆடுவோர்க்கும் பயன்படும்.

கிரிக்கெற் துடுப்பின் அகலம் 4.25 அங்குலம் வரை இருக்கலாம். பேஸ்போற் கோலின் பருத்த பகுதியோ 2.61 அங்குலத்தை விஞ்சலாகாது. எறிபவர் 60 அடி 6 அங்குலத் தொலைவில் நிற்பர். மணிக்கு 90 மைல் வேகத்தில் எறிந்த பந்து அரை விநாடிக்குள் வந்துவிடும். அவ்வளவிற் பயன்படுவது வலிமையன்று; ஒழுங்கே.

முதலாவது, பிடி. கோலை உள்ளங்கையில் அழுத்தாது விரல்களாற் பற்றுக; ஆயினும் கை நழுவவிடலாகாது. நழுவிய கோல் அருகில் நிற்போர்க்கு ஆபத்து.

இரண்டாவது, நிலை. பாதங்களைத் தோளகலத்துக்குச் சற்று அகற்றி, முழங்கால்களைச் சிறிது மடக்கி, உடற்பாரத்தைப் பின்காலில் வைத்து நிற்க.

மூன்றாவது, வீச்சு. முன்காலைச் சிறிதளவே எடுத்து வைக்க. முதலில் இடுப்புத் திரும்பும், பின்னர் தோள், இறுதியிற் கை. கிரிக்கெற்றிற் கோலை நிமிர்த்தி அடித்துப் பழகியோர் இங்கே பந்து வரும் வழிக்கிசையக் குறுக்காக வீசப் பழகுதல் வேண்டும்.

நான்காவது, கண். தலையை அசையாது வைத்து, கோல் படும்வரை பந்தையே நோக்குக. பந்து எங்கே போகிறதென முன்னரே நிமிர்ந்து பார்ப்பவர் பெரும்பாலும் பிழைப்பர்.

இடுப்பளவு உயரத் தாங்கியொன்றிற் பந்தை வைத்து அடித்துப் பழகுதல் தொடக்கத்துக்கு ஏற்றது. எழுத்தறிந்த பின்னரன்றோ செய்யுள்!

மெலிந்த மாணவன் ஒருவன் அணியிற் சேர்க்கப்படாது எல்லைக்கோட்டருகே பந்து பொறுக்கி நின்றான். அவனை விலக்கியோருள் யாமும் ஒருவர். தாங்கியில் வைத்த பந்தை அவன் மாலைதோறும் தனியே அடித்துப் பழகினான். ஒருநாள் அவனடித்த பந்தைத் தேடி வலியோர் ஓடினர். யாம் நாணினோம்.

பழைய மாணவர்களே! விழாவுக்கு வரும் நீங்கள் ஒரு மாலையேனும் திடலில் நின்று, அணியிற் சேராத பிள்ளைக்குப் பந்து எறிந்து கொடுங்கள். அதுவும் கல்லூரிக்குச் செய்யும் தொண்டே.