கடல் கடந்த குடும்பங்கள்: எந்த நாட்டுச் சட்டம் நமக்குத் துணை நிற்கும்?



சபராளி இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு. நிக்காஹ் நம் பள்ளிவாசலில் நடக்கிறது. பிள்ளை ஷார்ஜாவில் பிறக்கிறது. சம்பளம் ஒரு நாட்டில், சேமிப்பு இன்னொரு நாட்டில். குடும்பம் நல்லபடியாக இருக்கும்வரை சட்டம் பற்றி யாரும் கேட்பதில்லை. பிணக்கு வந்துவிட்டால் முதலில் எழும் கேள்வி "யார் பக்கம் நியாயம்?" என்பதன்று. "எந்த நாட்டு நீதிமன்றம் இதைக் கேட்கும்? அங்கே சொன்ன தீர்ப்பு இங்கே செல்லுமா?" என்பதே முதல் கேள்வி. இதைப் பற்றிய சட்டக் கல்விக்குச் சர்வதேசக் குடும்பச் சட்டம் என்று பெயர். இம்மாதப் பாடமாக இதை எடுத்துக்கொள்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு

பாடத்துக்காக ஒரு குடும்பத்தை அமைத்துக்கொள்வோம். இது எவருடைய கதையும் அன்று. இராமநாதபுரம் மாவட்டத்தில் நிக்காஹ் நடந்தது. கணவர் துபாயில் கணக்காளர். மனைவி அங்கே சென்று ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. மனக்கசப்பு முற்றி, மனைவி குழந்தையுடன் தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். கணவர் துபாய் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கிறார். மனைவி இங்கே குடும்ப நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்கிறார். இரண்டு நாடுகள், இரண்டு வழக்குகள். நடுவில் அந்தக் குழந்தை.

மூன்று நாடுகள், மூன்று சாவிகள்

குடும்ப வழக்கு வந்தால் எந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பது என்று ஒவ்வொரு நாடும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. எகிப்து போன்ற அரபு நாடுகளில் குடியுரிமை முக்கியம். இங்கிலாந்தின் வழியில் வந்த நாடுகளில் ஒருவர் நிலையாக எங்கே வாழ்கிறார் என்பது முக்கியம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் முஸ்லிம்களின் திருமண விஷயங்களில் மார்க்கமே முதல் அளவுகோல். நமக்கு 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம். இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண, மணமுறிவுச் சட்டமும் காதி நீதிமன்றங்களும். சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டமும் ஷரீஅத் நீதிமன்றமும்.

ஆகவே ஒரே தம்பதியை மூன்று நாடுகள் மூன்று விதமாகப் பார்க்கலாம். ஒரு நாட்டில் மணமுறிந்தவராகவும், இன்னொரு நாட்டில் மனைவியாகவும் ஒரு பெண் நிற்க நேரலாம். இதைச் சட்டத்தார் 'நொண்டித் திருமணம்' என்பார்கள். அவரால் மறுமணம் செய்யவும் முடியாது, செலவுக்குக் கேட்கவும் முடியாது. இந்த நிலையைத் தவிர்ப்பதற்காகவே நாடுகள் தங்கள் சட்டங்களை இணக்கப்படுத்த முயல்கின்றன.

இணக்கம் என்றால் ஒரே சட்டம் என்று பொருளல்ல

இணக்கப்படுத்தல் என்றவுடன், எல்லா மக்களையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவருவது என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவை இரண்டும் வேறு வேறு. இணக்கம் என்பது பெரும்பாலும் மூன்று விஷயங்களில் நாடுகள் உடன்படுவதே: எந்த நீதிமன்றம் விசாரிப்பது, ஒரு நாட்டின் தீர்ப்பை மற்ற நாடு எப்போது ஏற்பது, ஆவணத்தை எப்படி நம்புவது. நிக்காஹ்வின் ருக்னுகளை அது தொடுவதில்லை.

நம் மார்க்க மரபுக்கும் இது புதிதல்ல. நம் ஊர்களில் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் வலி இன்றி நிக்காஹ் செல்லாது; ஹனஃபி மத்ஹபில் பருவமடைந்த பெண் தானே ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் ஒருவர் நிக்காஹ்வை மற்றவர் மதிக்கிறோம்.

இன்னும் ஒரு சான்று. கணவர் காணாமல் போய்விட்டால் பழைய ஹனஃபி கருத்துப்படி மனைவி மிக நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். மாலிக்கி மத்ஹபு நான்கு ஆண்டு என்றது. இந்திய உலமாக்கள், குறிப்பாக மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள், பெண்களின் துயரம் கண்டு மாலிக்கி கருத்தை எடுத்துக்கொள்ள வழிகாட்டினார்கள். அதன் பயனே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். கணவரைப் பற்றி நான்கு ஆண்டுகள் தகவல் இல்லை என்றாலோ, இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்கவில்லை என்றாலோ மனைவி நீதிமன்றம் சென்று விடுதலை பெறலாம். வெளிநாடு போய்த் தொடர்பற்றுப் போனவர்களின் மனைவியருக்கு இன்றும் இதுவே கதவு.

வளைகுடா நாடுகளும் 1996இல் மஸ்கட் ஆவணம் என்ற பெயரில் குடும்பச் சட்டத்துக்கு ஒரு பொது வழிகாட்டியை ஏற்றன. பின்னர் கத்தர் 2006இலும், சவூதி 2022இலும் குடும்ப விஷயங்களைத் தொகுத்துச் சட்டமாக்கின.

ஹேக் உடன்படிக்கைகள்

நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1893 முதல் நாடுகள் கூடி இத்தகைய உடன்படிக்கைகளை எழுதி வருகின்றன. இந்தியா 2008இல் இந்த அமைப்பில் உறுப்பினரானது. ஆனால் உறுப்பினராவது வேறு, ஒவ்வோர் உடன்படிக்கையிலும் சேர்வது வேறு.

குழந்தைகளைப் பொறுத்தவரை முக்கியமானது 1980ஆம் ஆண்டின் உடன்படிக்கை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெற்றோரில் ஒருவர் மற்றவர் உரிமையை மீறி நாடு கடத்திச் சென்றால், பிள்ளை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே விரைவாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை அது தீர்ப்பதில்லை. அதைத் தீர்க்கும் நீதிமன்றம் எது என்பதை மட்டுமே சொல்கிறது. திருப்பி அனுப்பினால் பிள்ளைக்குக் கடும் தீங்கு நேரும் என்று நிரூபித்தால் மறுக்கவும் இடமுண்டு.

முஸ்லிம் நாடுகளில் மொராக்கோ 2010இலும் பாகிஸ்தான் 2016இலும் இதில் சேர்ந்தன. சிங்கப்பூர் 2010இலும் இலங்கை 2001இலும் சேர்ந்தன. இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, மலேசியா ஆகியவை சேரவில்லை. சேரலாம் என்று நமது சட்ட ஆணையம் 2009இல் பரிந்துரைத்தது. எதிர்ப்பும் உண்டு. கொடுமைக்கு அஞ்சிக் குழந்தையோடு தாய் நாடு திரும்பும் பெண்களையே இது அதிகம் பாதிக்கும் என்பது அந்த எதிர்ப்பின் காரணம். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

1996ஆம் ஆண்டின் குழந்தைப் பாதுகாப்பு உடன்படிக்கை நமக்கு இன்னொரு வகையில் மகிழ்ச்சி தருவது. அநாதைப் பிள்ளையைத் தத்து என்று சொல்லாமல், அதன் வம்சப் பெயரை மாற்றாமல் பொறுப்பேற்கும் நம் 'கஃபாலா' முறையைப் பெயர் சொல்லியே அது ஏற்கிறது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையிலும் அச்சொல் இடம்பெற்றுள்ளது.

உடன்படிக்கையில் சேராத நாடுகளோடு எப்படிப் பேசுவது? அதற்காக 2004இல் மால்டா தீவில் இரு தரப்பு நீதிபதிகளும் கூடினார்கள். 'மால்டா முயற்சி' என்று அழைக்கப்படும் அது சமரசத்துக்கு முதலிடம் தருகிறது. கணவன் மனைவி பிரிந்துவிடுவார்கள் என அஞ்சினால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்பச் சொல்லும் சூரத்துந் நிஸாவின் 35ஆம் வசனத்தை அறிந்த நமக்கு இது புதிய வழியல்ல.

இந்திய நீதிமன்றம் என்ன சொல்கிறது?

இப்போது நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். துபாய் தீர்ப்பு இங்கே வந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைச் சோதிக்கும். விசாரிக்க அதிகாரமுள்ள நீதிமன்றமா, இரு தரப்பும் கேட்கப்பட்டதா, வழக்கின் உள்ளீட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதா, மோசடி உண்டா என்று பார்க்கும். மனைவிக்குத் தெரியாமல் ஒருதலைப்பட்சமாகப் பெற்ற மணமுறிவு இங்கே எளிதில் செல்லாது. 1991இல் ஓர் இந்துத் தம்பதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி, வெளிநாட்டு மணமுறிவுத் தீர்ப்புகளை மதிப்பிட இன்றும் எடுத்தாளப்படுகிறது. எதிர்த்தரப்பு தானாக முன்வந்து அந்த நீதிமன்றத்தில் வாதாடியிருந்தால் நிலைமை மாறும் என்பதும் அந்நெறியில் அடக்கம்.

பணம் செலுத்தச் சொல்லும் தீர்ப்புக்குத் தனி வழி உண்டு. 44ஏ பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்ட நாடுகளின் அத்தகைய தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கோரலாம். சிங்கப்பூர், மலேசியா ஆகியவை முன்பே அப்பட்டியலில் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஜனவரியில் சேர்க்கப்பட்டது.

குழந்தை விஷயத்தில் நம் நீதிமன்றங்களின் போக்கு ஒரே மாதிரி இருந்ததில்லை. கோயம்புத்தூருக்கு வந்துவிட்ட இரு பெண் பிள்ளைகள் பற்றிய வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம் இங்கிலாந்து நீதிமன்றத்தின் உத்தரவுக்கு மதிப்பளித்தது. 2017இல் வேறொரு வழக்கில், வெளிநாட்டு உத்தரவு கவனிக்கத்தக்க ஒன்று மட்டுமே, குழந்தையின் நலனே முதன்மை என்று கூறியது. ஆகவே "குழந்தை என்னிடம் இருக்கிறது, நான் ஜெயித்துவிட்டேன்" என்று எவரும் எண்ண வேண்டாம்.

தாயின் பராமரிப்பு உரிமையான ஹிழானத்தும், தந்தையின் பொறுப்பான விலாயத்தும் வேறு வேறு என்பதையும் நினைவில் கொள்வோம். ஹனஃபி கருத்தில் மகன் ஏழு வயது வரையும் மகள் பருவமடையும் வரையும் தாயிடம். ஷாஃபிஈ கருத்தில் விவரம் தெரியும் வயது வந்ததும் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் செலவு தந்தையின் கடமை.

தலாக் விஷயத்திலும் எல்லை கடந்தால் விளைவு மாறும். கைப்பேசியில் அனுப்பும் உடனடி முத்தலாக் இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் உண்டு. மலேசியாவின் கூட்டரசுப் பிரதேசங்களில் நீதிமன்ற அனுமதியின்றித் தலாக் சொல்வதே குற்றம்.

நாம் செய்ய வேண்டியவை

1. நிக்காஹ் தப்தரில் எழுதியதோடு நிற்க வேண்டாம். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு. தப்தரிலும் பதிவிலும் பெயர் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

2. சான்றிதழை வெளிநாட்டில் செல்லும்படி செய்துவையுங்கள். சவூதி, ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர் ஆகியவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகம், குவைத், கத்தர், மலேசியா ஆகியவற்றுக்குத் தூதரகச் சான்றொப்பமும் தேவை.

3. மஹரைத் தொகையாகவும் தவணையாகவும் தெளிவாக எழுதுங்கள். கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மஹரும் கணவர் மீதுள்ள கடனே.

4. வெளிநாட்டிலிருந்து அழைப்பாணை வந்தால் கிழித்துப் போடாதீர்கள். பதறிப்போய்ப் பதிலும் அனுப்பாதீர்கள். முன்னிலையாவதா, ஆட்சேபம் மட்டும் தெரிவிப்பதா என்பதை வழக்கறிஞரிடம் கேட்ட பின்பே முடிவு செய்யுங்கள். புரியாத மொழித் தாளில் கையொப்பம் இட வேண்டாம்.

5. பிணக்கின்போது பிள்ளையை இரகசியமாக நாடு கடத்துவது தாய்க்கும் தந்தைக்கும் பின்னாளில் எதிராகவே திரும்பக்கூடும். உயிருக்கு ஆபத்து என்றால் இந்தியத் தூதரகத்தில் முதலில் முறையிட்டு அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

6. பெண்களுக்கு வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று எந்தச் சகோதரியும் ஒதுங்கி நிற்க வேண்டாம்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

சமரசம் பேச அமரும்போது பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் நிறையப் பேசுகிறார்கள். அந்தக் குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கும், வாரத்தில் எந்த நாளில் வாப்பாவோடு பேசும், விடுமுறையை எங்கே கழிக்கும் என்று கேட்பவர் அரிது. நாமும் பல வேளைகளில் கேட்கத் தவறியிருக்கிறோம். சமரச ஒப்பந்தத்தில் இவற்றை எழுத்தில் கொண்டுவந்து, இரு நாட்டு நீதிமன்றத்திலும் பதிவு செய்ய முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்வோம். நாடுகள் உடன்படும் நாள் வரும்போது வரட்டும். அதுவரை இரண்டு குடும்பங்களாவது உடன்பட்டால் ஒரு பிள்ளை தப்பும்.

குடும்பங்களில் இணக்கத்தையும், பிரிய நேர்ந்தால் நீதியையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.