கொல்லிப்பாவைக்கு கம்ப்யூட்டரில் பின்னணி இசை

பேய், பூதம் வரும் குறும்படம் எடுப்பவர்கள் பலர் ஹாலிவுட் பட இசையை வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். யூட்யூபில் ஏற்றியதும் காப்புரிமைப் பிரச்சினை வந்து, உழைத்து எடுத்த படமே முடங்கலாம். இசையை நாமே உருவாக்கினால் அந்தத் தொல்லை இல்லை.

1956-ல் வந்த ‘ஃபர்பிடன் பிளானெட்’ படத்துக்கு லூயி பேரன், பெபே பேரன் தம்பதியினர் தாங்களே செய்த எலக்ட்ரானிக் சர்க்யூட்டுகளைக் கொண்டே முழு இசையையும் அமைத்தார்கள். 1954-ல் வந்த காட்ஸில்லாவின் கர்ஜனை, டபுள் பாஸ் கம்பியைத் தோல் கையுறையால் தேய்த்துப் பதிவு செய்து, டேப்பின் வேகத்தை மாற்றியதில் பிறந்தது. இரண்டு வித்தைகளையும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் செய்யலாம்.

நம் கதாபாத்திரம், சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவை. சிரித்து மயக்கிக் கொல்லும் என்பது கொல்லிமலைக் கதை. ஆகாய கங்கை அருவியின் சத்தத்தை நான் செல்போனில் பதிவு செய்து பயன்படுத்தினேன். உங்கள் ஊர் மழைச் சத்தமும் போதும்.

1. ஜெனரேட் மெனுவில் டோன் தேர்வு செய்யுங்கள். சைன், 110 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிட்யூட் 0.2, நேரம் 30 விநாடி.

2. ட்ராக்ஸ் மெனுவில் புதிய மோனோ ட்ராக் சேர்த்து, அதில் 113 ஹெர்ட்ஸ் டோன் கொடுங்கள். இரண்டும் சேரும்போது ஒலி விநாடிக்கு 3 முறை ஏறி இறங்கும். வித்தியாசம் 3 என்பதால் துடிப்பும் 3. இதயத் துடிப்பு போன்ற பதற்றம் இதில்தான் வருகிறது.

3. அருவி ஒலியை இம்போர்ட் செய்து, ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ எஃபெக்டில் 0.5 கொடுங்கள். நீளம் இரு மடங்காகும், சுருதி ஓர் ஆக்டேவ் இறங்கும். இரைச்சல் உறுமலாக மாறும்.

4. உங்கள் சிரிப்பை மைக்கில் பதிவு செய்து, ரிவர்ஸ், பிறகு ரிவெர்ப் கொடுத்து 22-வது விநாடியில் வையுங்கள். அருவி, சிரிப்பு ட்ராக்குகளின் ஒலியை மைனஸ் 12 டெசிபலுக்குக் குறையுங்கள். மீட்டரில் சிவப்பு தெரிந்தால் இன்னும் குறையுங்கள்.

5. மற்ற மூன்று ட்ராக்குகளிலும் 20 முதல் 22-வது விநாடி வரை தேர்வு செய்து கன்ட்ரோல் + எல் அழுத்துங்கள். அந்தப் பகுதி மௌனமாகும். பழகிய உறுமல் திடீரென நின்ற பின் வரும் சிரிப்புதான் பயமுறுத்தும்.

முடிவில் வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சிறிய ஸ்பீக்கரில் 110 ஹெர்ட்ஸ் சரியாகக் கேட்காது. ஹெட்போனில் கேட்டுப் பார்த்து, பிறகு படத்தில் சேருங்கள்.