டொக்டர் சொன்ன சொல் விளங்கியதா?



கொழும்புக்கு கிளினிக் போகும் நம்மவர்கள் பலர் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ கடையில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் முதல் நாள் இரவு தங்கி, விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்கிறார்கள். எங்கள் தோட்டத்து அம்மா ஒருவரும் அப்படித்தான் போனார். துண்டில் "பாஸ்டிங்" என்று எழுதியிருந்தது. அது ஏதோ சோதனையின் பெயர் என்று நினைத்து, கொட்டாஞ்சேனையில் மகன் வாங்கிக் கொடுத்த பணிசைச் சாப்பிட்டு, பால் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். இரத்தம் எடுக்கவில்லை, இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். பஸ் காசும் போச்சு, இரண்டு நாள் பேரும் போச்சு. இது அந்த அம்மாவின் பிழையல்ல. ஒரு சொல்லை விளங்கப்படுத்த ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அடிக்கடி காதில் விழும் சில சொற்களை இங்கே தருகிறோம். வெட்டியெடுத்து கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்டிங்: வெறும் வயிறு. சீனி பார்ப்பதற்கு முன் 8 மணித்தியாலமாவது ஒன்றும் சாப்பிடக்கூடாது. பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். தேத்தண்ணி, பிளேன்டீ கூடாது. சீனி வியாதி மாத்திரை எடுப்பவர்கள், அன்று காலை அதை எப்போது போடுவது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பிரஷர்: இரத்தம் குழாய்ச் சுவரை அழுத்தும் விசை. 120/80 அளவில் இருந்தால் நல்லது. பல தடவை பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கூடிய பிரஷர். தலை சுற்றினால்தான் பிரஷர் என்று எண்ண வேண்டாம். பலருக்கு ஒரு குணமும் தெரியாது.

கொன்ட்ரோல்: "உங்கள் பிரஷர் கொன்ட்ரோலில் இருக்கிறது" என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மாத்திரை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சுகம் வந்துவிட்டதென்று நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் பாரிசவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடும்.

குரோனிக், அக்யூட்: குரோனிக் என்றால் நெடுநாள் நோய். அக்யூட் என்றால் திடீரென்று வந்தது. இரண்டுமே "ஆபத்து" என்ற சொல்லல்ல.

பயொப்சி: உடம்பிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது. பயொப்சி என்றதும் புற்றுநோய்தான் என்று வீட்டில் அழத் தொடங்க வேண்டாம். என்ன நோய் என்று தெரிந்துகொள்ளத்தான் அதைச் செய்கிறார்கள்.

பொசிட்டிவ், நெகட்டிவ்: பள்ளிக்கூட ரிப்போட் மாதிரி நல்லது கெட்டது என்று இதைப் பார்க்கக் கூடாது. தேடிய நோய் இருந்தால் பொசிட்டிவ், காணவில்லை என்றால் நெகட்டிவ்.

அனீமியா: இரத்தச் சோகை. கர்ப்பிணித் தாய்மாருக்கு ஹீமோகுளோபின் 11க்குக் குறையக்கூடாது. கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. தண்ணீரோடு போடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள்.

இத்தனை சொல்லியும் புதிய சொல் ஒன்று வரத்தான் செய்யும். அப்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டு வராதீர்கள். "ஐயா, விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பிறகு, "அப்படியென்றால் நான் இப்படித்தானே செய்ய வேண்டும்?" என்று நீங்கள் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்துவார்கள்.

இப்படிக் கேட்பதில் வெட்கமில்லை. யாழ்ப்பாணம் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்கர் 1860களிலேயே வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தார், வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்கினார். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. உங்கள் உடம்பைப் பற்றிய செய்தியை உங்கள் மொழியில் கேட்பது உங்கள் உரிமை.

அடுத்த முறை கொழும்புக்குப் புறப்படுமுன் துண்டை எங்களிடமோ, படித்த பிள்ளையிடமோ ஒருதரம் காட்டிவிட்டுப் போங்கள்.