சலரோகமும் அடங்காத பசியும்

அப்பாவுக்குச் சலரோகம். கிளினிக்கில் தரும் குளிசைகளை ஒழுங்காகப் போடுகிறார். ஆனால் எல்லோரும் படுத்த பின் சீனிப் போத்தலைத் தேடுகிறார். பிள்ளைகள் கண்டு ஏசுகிறார்கள். மறுநாள் அவர் கடைக்குப் போய் ஒளித்துச் சாப்பிடுகிறார். இப்படியான வீடுகள் எம்மிடையே பல உண்டு.

இது வெறும் வாய்க்கட்டுப்பாடு இல்லாமையா?

இல்லை. உடல் சீனியைப் பயன்படுத்த இன்சுலின் தேவை. சலரோகத்தில் அது போதாது, அல்லது சரியாக வேலை செய்யாது. வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடியும் மடை திறவாவிட்டால் வயல் காயும். அதுபோல இரத்தத்தில் சீனி கூடியிருந்தும் உடலுக்குப் பசிக்கிறது.

மனமும் இதில் சேர்கிறது. 2009இல் ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவருக்கு, முன்னால் இருக்கும் சோற்றை மிச்சம் விட மனம் வருமா? காணியை இழந்த கவலையும் இனிப்பைத் தேட வைக்கும்.

வீட்டார் என்ன செய்யலாம்?

1. ஏசாதீர்கள். வெட்கப்படுபவர் ஒளிப்பார். ஒளித்தால் அவர் உண்பது வைத்தியருக்கும் தெரியவராது. "எந்த நேரத்தில் ஆசை கூடுது அப்பா?" என்று ஆறுதலாகக் கேளுங்கள்.

2. எல்லோருக்கும் ஒரே சமையல் செய்யுங்கள். சாப்பாட்டுக் கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, கால் பங்கு சோறு. இது பிள்ளைகளுக்கும் நல்லது. மரவள்ளிக் கிழங்கையும் பிட்டையும் சோற்றின் பங்கிலேயே சேருங்கள்.

3. சீனியைப் படிப்படியாகக் குறையுங்கள். மூன்று கரண்டி சீனியுடன் நாளுக்கு ஐந்து தேநீர் குடித்தால் ஏறக்குறைய 60 கிராம் சீனி. பனங்கட்டியும் இரத்தத்தில் சீனியைக் கூட்டும். இனிப்புகளை வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள்.

4. ஆசை வரும் நேரத்தில் தனியே விடாதீர்கள். தண்ணீர் கொடுங்கள். தோட்டப் பக்கம் கூட நடந்து வாருங்கள்.

5. பட்டினி போடாதீர்கள். இன்சுலின் ஊசியோ சில குளிசைகளோ எடுப்பவர் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சீனி மிகக் குறையலாம்.

கவனம்!

வியர்வை, நடுக்கம், தடுமாற்றத்துடன் இனிப்பைத் தேடினால் அது ஆசையல்ல, ஆபத்து. உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தேறாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தேறியபின் சாப்பாடு கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அடுத்த கிளினிக்கில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். உணவு ஆசையை அடக்க முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவும் உண்டு.

ஒருநாள் தவறினால் எல்லாம் போய்விடாது. ஒரு போகம் அழிந்தாலும் அடுத்த போகம் விதைத்தவர்கள் அல்லவா நாங்கள்?

கலந்துரையாட:

- எங்கள் வீட்டில் யார் ஒளித்துச் சாப்பிடுகிறார்? ஏன்?
- இந்த வாரம் எல்லோரும் சேர்ந்து எதைக் குறைக்கலாம்?